கோட்டம் எடுத்தல்

இருசக்கர வாகனப் பட்டறைகளில் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை. வாய்க்கு வாய் தேய்ந்து, இன்று எந்த மொழிக்கும் முழுச் சொந்தமில்லாமல் நிற்பவை. கிளட்ச், கார்புரேட்டர், ஸ்பிராக்கெட், ஆயில் சீல் என்று நீளும் அந்த வரிசைக்கு நடுவே, யாரும் கவனிக்காமல், கிரீஸ் படிந்த கைகளுக்கிடையே ஒரு பழந்தமிழ்ச் சொல் உயிரோடு இருக்கிறது. சக்கரத்தின் வளையம் நெளிந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மெக்கானிக்குகள் சொல்வது ஒன்றுதான்: "கோட்டம் எடுக்கணும்."

கோட்டம் என்றால் வளைவு, கோணல். திருக்குறளின் 12ஆம் அதிகாரமான நடுவுநிலைமையில் வள்ளுவர் ஒரே குறளுக்குள் சொல்லின் கோட்டத்தையும் உள்ளத்தின் கோட்டத்தையும் பேசுகிறார். இரண்டும் இல்லாத நிலைக்கு அவர் வைக்கும் பெயர் செப்பம். அந்தச் செப்பத்திலிருந்துதான் நமக்குச் 'செப்பனிடுதல்' என்ற வினை கிடைத்திருக்கிறது. பழுது பார்த்தல் என்றால் பழுதைப் பார்ப்பதோடு நின்றுவிடலாம். செப்பனிடுதல் என்றால் நேராக்கியே தீரவேண்டும்.

இந்தச் சொற்களைத் தேடி நாங்கள் அகராதிக்குப் போகவில்லை. ஒரு வண்டி விழுந்தது. அதைத் தொடர்ந்து இவை எங்களிடம் வந்து சேர்ந்தன.

நாங்கள் நால்வர். இருவர் ராஜபாளையத்தில் இருக்கிறோம், இருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டில் கூடிப் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். வெயில் ஏறுவதற்கு முன்பு, பேச்சுக்கு முன்னுரையாக, மண்பாதைகளில் வண்டி ஓட்டுவோம். புத்தகமும் மண்பாதையும் எப்படி ஒட்டின என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை. இரண்டிலும் அடுத்த திருப்பம் தெரியாது என்பதுதான் காரணமோ என்னவோ.

மண்பாதை என்றவுடன் காட்டுக்குள் போகிறோம் என்று எண்ணிவிட வேண்டாம். மேற்கே மலையடிவாரத்தில் 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021இல் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயிற்று. அதற்குள் வண்டியோட்டும் எண்ணம் எங்களுக்கு இல்லை, இருக்கவும் கூடாது. எங்கள் பாதைகள் காட்டுக்கு வெளியே, கண்மாய்க் கரைகளிலும், தென்னந்தோப்பு மாந்தோப்புகளுக்கு நடுவிலான வண்டித்தடங்களிலும் முடிந்துவிடும்.

பந்தயத்துக்கென்றே செய்யப்படும் மண்பாதை வண்டிகளுக்கு விளக்கும் இல்லை, பதிவெண்ணும் இல்லை. அவற்றைப் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு வாய்த்தவை சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான வண்டிகள். எங்களில் ஒருவர் வைத்திருந்தது 2019இல் சந்தைக்கு வந்த எக்ஸ்பல்ஸ் 200. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18. முன்சக்கரத்தைத் தாங்கும் குழல்கள் 37 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. 190 மில்லிமீட்டர் வரை இறங்கி ஏறும். பள்ளங்களை விழுங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்ட நீண்ட கால்கள் அவை. கால் நீண்டிருந்தால் நெம்புகோலும் நீண்டிருக்கிறது என்று பொருள். விழும்போது அந்த நீளமே எதிரியாகிவிடுகிறது.

அது ஒரு பங்குனி மாதத்துக் காலை. கண்மாயிலிருந்து கரம்பை மண் அள்ளிய டிராக்டர்கள் ஈரத்தில் பதித்த தடம், வெயிலில் காய்ந்து கல்லாக இறுகிக் கிடந்தது. நண்பரின் முன்சக்கரம் அந்தத் தடத்துக்குள் இறங்கியது. வண்டி ஒரு பக்கம் போக விரும்பியது, தடம் அதை வேறு பக்கம் இழுத்தது. வேகம் அதிகமில்லை. ஆனாலும் வண்டியின் எடையும் மனிதரின் எடையும் சேர்ந்து ஒரு கணம் அந்தச் சக்கரத்தின் விளிம்பில் நின்றன. பிறகு வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்தது. நண்பரின் வலது காறை எலும்பு முறிந்தது.

அவருக்குக் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளி கட்டினார்கள். கட்டுத்துணி நெய்வதற்குப் பெயர்போன சத்திரப்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர். வலியிலும் அவர் அதைச் சொல்லிச் சிரித்தார். மருத்துவர் சொன்னது எளிமையாக இருந்தது. எலும்புமுனைகள் அதிகம் விலகவில்லை, அசைக்காமல் வைத்திருந்தால் சில வாரங்களில் தானே கூடிவிடும், கூடும் இடத்தில் ஒரு முடிச்சுப் போலப் புடைத்து நிற்கும், அதையும் காலப்போக்கில் உடலே கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிவிடும். எலும்பு தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். இரும்புக்கு அந்த வரம் இல்லை.

வண்டியை எங்களில் ஒருவர் முதல் கியரிலேயே உருட்டி ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தார். நேராகப் போவதற்கு ஹேண்டில் பாரை வலப்பக்கம் கணிசமாகத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. வந்து இறங்கியதும் அவர் சொன்ன ஒரு விஷயம் எங்களுக்கு நெடுநாள் மறக்கவில்லை. முதல் கிலோமீட்டரில் அந்தக் கோணல் பொறுக்க முடியாததாக இருந்தது என்றார். நான்காவது கிலோமீட்டரில் பழகிவிட்டது. ஊருக்குள் நுழையும்போது கோணலே தெரியவில்லை. சாலைதான் கொஞ்சம் சாய்ந்திருப்பது போலிருந்தது.

முன்பகுதி ஏன் இப்படி முறுக்கிக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்சக்கரத்தின் இருபுறமும் நிற்கும் இரண்டு குழல்களை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு உலோகப் பிடிகள் பற்றியிருக்கின்றன. அந்தப் பிடிகளை இணைக்கும் தண்டு, சட்டகத்தின் கழுத்துக்குள், கோன் செட் எனப்படும் தாங்கிகளின் மீது சுழல்கிறது. எண்ணெயின் தடையால் அதிர்வை அடக்கும் தொலைநோக்கிக் குழல் வடிவத்தை 1935இல் தன் ஆர்12 வண்டியில் கொண்டுவந்தது பி.எம்.டபிள்யூ. அடிப்படை இன்றும் அதுவேதான். குழலைப் பிடிக்குள் நிறுத்தி வைப்பது ஆணியோ பற்றவைப்போ அல்ல. சில போல்ட்டுகளின் இறுக்கமும் அது தரும் உராய்வும் மட்டுமே.

ஆகவே விழும்போது இரண்டு விதமான சேதங்கள் நேரலாம். பிடி சற்று விட்டுக்கொடுத்து, குழல்கள் தம் இடத்தில் சிறிது திரும்பி, ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலுமாக நின்றுவிடலாம். இது முறுக்கம். உலோகம் ஒன்றும் ஆகவில்லை. உறுப்புகள் ஒன்றுக்கொன்று தவறான உறவில் பூட்டப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். அல்லது பிடி விட்டுக்கொடுக்காமல், விசை முழுவதையும் குழலே வாங்கி வளைந்துவிடலாம். இது கோட்டம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்: சக்கரம் ஒரு பக்கம், ஹேண்டில் பார் ஒரு பக்கம்.

நாங்கள் போன பட்டறையை நடத்தும் அண்ணாச்சி, ஆர்எக்ஸ் 100 வந்துகொண்டிருந்த காலத்தில் தொழில் கற்றவர். இன்றைய வண்டிகளின் மின்னணுச் சங்கதிகளை அவர் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் முன்பகுதியைப் பார்க்கச் சொன்னால், ஜாதகம் பார்ப்பவரைப் போல நிதானமாக உட்கார்ந்துவிடுவார்.

முதலில் அவர் எதையும் கழற்றவில்லை. என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, குழலோடு ஒரு குச்சியை அணைத்துப் பிடித்து, வளையத்துக்கும் குச்சி முனைக்கும் நடுவிலான இடைவெளியைக் கவனித்தார். வளையத்தில் சிறு நெளிவு இருந்தது. ஆரக்கம்பிகளை இறுக்கித் தளர்த்தி எடுத்துவிடலாம். பிறகு ஹேண்டில் பாரை இரு பக்கமும் மெல்லத் திருப்பிக் கையால் கேட்டார். ஆம், கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கோன் செட்டில் எங்காவது தடுக்கினால் தாங்கிகள் அடிபட்டிருக்கின்றன என்று பொருள். தடுக்கவில்லை. சட்டகத்தின் கழுத்தைச் சுற்றிலும் பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அங்கே பெயிண்ட் சுருங்கியிருந்தால் உள்ளே உலோகம் நெளிந்திருக்கும். அதுவும் இல்லை.

எங்களில் ஒருவருக்கு அவசரம். சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து ஒரு உதை விட்டால் நேராகிவிடும் என்று எங்கோ பார்த்ததைச் சொன்னார். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"உதச்சா நேராகும் தம்பி. எது கோணலோ அதுதான் நேராகும்னு யாரு சொன்னா? எது எளச்சதோ அது வளையும்."

அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

அவர் செய்ததை வரிசையாகச் சொன்னால், தேவைப்படும் யாருக்கேனும் உதவலாம். முன் ஆக்ஸிலையும், அதை அடியில் கவ்வும் போல்ட்டையும் தளர்த்தினார். மட்கார்டைக் குழல்களோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினார். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், மட்கார்டின் பட்டையே குழல்களைக் கோணலாகப் பிடித்து வைத்திருக்கும். பிறகு கீழ்ப்பிடியின் போல்ட்டுகள், மேற்பிடியின் போல்ட்டுகள், நடுத்தண்டின் தலை நட்டு. எதையும் முழுதாகக் கழற்றவில்லை. குழல்கள் திரும்பும் அளவுக்குத்தான் விட்டார். அதற்குமேல் விட்டால் அவை பிடியிலிருந்து நழுவி உயரம் மாறிவிடும். பிறகு வண்டிக்கு எதிரில் நின்று, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுகப் பற்றிக்கொண்டு, ஹேண்டில் பாரை இரு கைகளாலும் பிடித்து ஒரே சீராக இழுத்தார். 'டக்' என்று ஒரு சிறு ஒலி. சில நொடிகளுக்கு முன்பு விகாரமாக இருந்தது, கண்ணுக்கு நேராக நின்றது.

அவ்வளவு பலத்தோடு முறுக்கிக்கொண்டது இவ்வளவு எளிதாக விடுபட்டதில் எங்களுக்கு ஒரு திகைப்பு. இறுக்கிப் பிடித்திருந்தவற்றை முறையாகத் தளர்த்தியபோது, தன் இடம் எது என்று அதற்கே தெரிந்திருந்தது.

நூற்பாலைகளின் ஊரில் வளர்ந்த எங்களுக்கு முறுக்கம் என்பது எப்போதும் நல்ல சொல்லாகவே இருந்துவந்திருக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர் பஞ்சுக்கு முறுக்கேற்றிப் பிழைக்கிறது. முறுக்கம் இல்லாவிட்டால் நூல் இல்லை. பஞ்சு பஞ்சாகவே பறந்துவிடும். நூலுக்கு வலிமை தருவது வண்டிக்குக் குற்றமாகிறது.

கண்ணுக்கு நேராகத் தெரிந்ததை அண்ணாச்சி நம்பவில்லை. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துவந்து இரு குழல்களின் மேலும் படும்படி வைத்தார். இரண்டும் ஒரே தளத்தில் நின்றால் கண்ணாடி அசையாமல் உட்காரும். கண்ணாடி ஆடியது. எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றித் தொட்டபோது, பிஞ்சுக்குழந்தையின் தலை ஆடுவதுபோல ஆடியது. மீண்டும் தளர்த்தி, மீண்டும் இழுத்தார். ஆட்டம் குறைந்தது; போகவில்லை.

அடுத்து நூல் பிடித்தார். பின்சக்கரத்தைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அதன் இரு முனைகளையும் வண்டியின் இருபுறமும் முன்னோக்கி இழுத்து, பின் டயரின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் அது தொட்டும் தொடாமலும் போகும்படி இரண்டு செங்கற்களில் கட்டினார். பின் டயர் 120 மில்லிமீட்டர் அகலம், முன் டயர் 90. ஆகவே முன் டயருக்கு இருபுறமும் 15 மில்லிமீட்டர் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். சமமாக இல்லை. சக்கரத்தை எப்படித் திருப்பினாலும், முன்விளிம்பு சமமாகும்போது பின்விளிம்பு விலகியது.

"முறுக்கு போயிருச்சு. கோட்டம் கெடக்கு. பைப்பைக் கழத்தணும்" என்றார்.

ஒரு வண்டி நேராகப் போவது ஓட்டுபவரின் திறமையால் மட்டும் அல்ல. கழுத்து பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், அது திரும்பும் அச்சைக் கற்பனையில் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் விழும். அதனால் சக்கரம், தன்னை இழுத்துச் செல்லும் அச்சைப் பின்தொடர்ந்து, தானாகவே நேராக விரும்பும். கடைகளில் தள்ளுவண்டிகளின் சுழலும் சக்கரம் நாம் தள்ளும் திசைக்குத் தன்னைத் திருப்பிக்கொள்வது இதே காரணத்தால்தான். மனிதன் கையை விட்டாலும் வண்டிக்குள் நேராவதற்கான ஒரு விருப்பம் இருக்கிறது. குழல் வளைந்தால் கெடுவது அந்த விருப்பம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதற்கு நேர்மாறான ஒன்று நன்றாகத் தெரியும். ஆடிப்பூரத்தன்று நான்கு வீதிகளில் வரும் ஆண்டாள் தேரைப் போன்ற பெருந்தேர்களுக்குத் திருப்பும் அச்சு கிடையாது. அவை தாமாக எதையும் விரும்புவதில்லை. வடம் பிடிப்பவர்கள் இழுக்க, சக்கரத்தோடு நடந்து வருபவர்கள் தக்க கணத்தில், தக்க கோணத்தில் கட்டையைக் கொடுத்துத்தான் அந்த மலையைத் தெருமுனையில் திருப்புகிறார்கள். 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று நாம் வசையாகச் சொல்வதை, தேரடியில் ஒரு கலையாகச் செய்கிறார்கள். அங்கே நேர்மை முழுவதும் வெளியிலிருந்து வருகிறது. வண்டியிலோ அது உள்ளே இருக்க வேண்டும்.

கழற்றிய குழல்களை ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஆலைகள் சூழ்ந்த ஊரில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அங்கிருந்த பெரியவர் நூற்பாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் கதிர்களோடு வாழ்ந்தவருக்குக் கோணல் என்பதன் அளவுகோலே வேறு. எங்கள் கண்ணுக்கு எட்டாத சிறு தள்ளாட்டம் போதும், அங்கே நூல் அறுந்துவிடும். அவர் இரண்டு வி-வடிவக் கட்டைகள் மேல் குழலைக் கிடத்தி, நடுவில் டயல் கேஜின் ஊசியை ஊன்றி, குழலை மெல்ல உருட்டினார்.

இடது குழலில் ஊசி அசைந்ததே தெரியவில்லை. வலது குழலில் அது 1.4 மில்லிமீட்டர் ஓடித் திரும்பியது. ஊசி காட்டுவது ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்து. உண்மையான வளைவு அதில் பாதி. கையேடுகள் பொதுவாக அனுமதிக்கும் எல்லை 0.2 மில்லிமீட்டர். வளைவு இருந்த இடம், கீழ்ப்பிடி கவ்வும் இடத்துக்குச் சற்றுக் கீழே. விசை எல்லாம் வந்து கூடும் இடம் அது. கண்ணுக்குத் தெரிந்தது என்னவோ கண்ணாடிபோல மின்னும் குரோமியப் பூச்சு மட்டும்தான்.

இங்கேதான் பிரச்சினை வண்டியிலிருந்து எங்களிடம் இடம்பெயர்ந்தது.

நண்பர் வண்டியை விற்பதென்று முடிவு செய்திருந்தார். அவரது மனைவி சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டில் சிறு குழந்தை. வேலைக்குப் போகாத வாரங்களும் மருத்துவச் செலவும் சேர்ந்து பணமும் தேவைப்பட்டது. வாங்குவதற்கு ஆளும் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே அடிவாரத்து மாந்தோப்பு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். தினமும் அந்தத் தடங்களில் போய்வர வேண்டும், சில நாட்கள் அம்மாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு. மண்பாதை எங்களுக்கு விளையாட்டு. அவருக்கு அது வேலைக்குப் போகும் வழி.

வளைந்த குழலை ஹைட்ராலிக் அழுத்தியில் வைத்து நிமிர்த்த முடியும். சில நூறு ரூபாய்க் கூலி. புதிய குழல்களும் ஆயில் சீல்களும் வாங்குவதென்றால் அதைப் போலப் பல மடங்கு. நிமிர்த்திய குழலைத் துடைத்து மாட்டிவிட்டால், வாங்குபவர் மட்டுமல்ல, எங்களில் யாருமே கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடி ஆடாது. நூல் சமமாக நிற்கும்.

பெரியவரிடம் கேட்டோம். அவர் குழலைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினார். எஃகை ஓர் எல்லைவரை வளைத்தால் விட்டதும் திரும்பிவிடும். எல்லை தாண்டி வளைந்தால் அதன் உட்கட்டமைப்பு அந்த இடத்தில் நகர்ந்து இறுகிவிடும். மறுபடி நிமிர்த்தும்போது அதே இடம் இரண்டாம் முறையாக வளைக்கப்படுகிறது. பார்வைக்கு நேராகும், ஆனால் பழைய குழல் ஆகாது. மேலிருக்கும் குரோமியம் நெகிழாது, மயிரிழை விரிசல் விடும். அது வெடித்த இடத்தில் துரு நுழையும், ஆயில் சீலும் கிழியும். நூற்றில் எத்தனை குழல் முறியும் என்று தன்னால் சொல்ல முடியாது, பல ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன என்றும் சொன்னார். மறைக்காமல் இரு பக்கத்தையும் சொன்னதால் முடிவு இன்னும் கடினமாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் புத்தகம் எதையும் பேசவில்லை. ஒருவர், நெடுஞ்சாலையில் ஓடும் விழுந்தெழுந்த வண்டிகளில் பாதி இப்படி நிமிர்த்தியவைதான், நாம் மட்டும் ஏன் இதைப் பெரிதாக்க வேண்டும் என்றார். இன்னொருவர், நிமிர்த்தி மாட்டி விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிடலாம், அது நியாயம்தானே என்றார். விலையைக் குறைப்பதற்குக் காரணம் சொல்லாவிட்டால் அது நியாயமா, மௌனத்துக்கான கூலியா என்று மூன்றாமவர் கேட்டார். நண்பர் தூளிக்குள் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு வளர வளர, எல்லா வாதங்களும் நியாயமாகத் தெரியத் தொடங்கின. கோணல் வண்டியை ஓட்டிவந்தவர் சொன்னது அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்ததாகப் பின்னால் பேசிக்கொண்டோம். நான்காவது கிலோமீட்டரில் எல்லாம் பழகிவிடுகிறது.

மறுநாள் நண்பர் அண்ணாச்சியிடம் போனார். நிமிர்த்தித் தரலாமா என்று நேரடியாகவே கேட்டார். அண்ணாச்சி உபதேசம் எதுவும் செய்யவில்லை.

"நிமித்தித் தரமாட்டேன்னு நான் சொல்லல தம்பி. எத்தனையோ பேருக்குச் செஞ்சுருக்கேன், அவங்களே ஓட்டுறாங்க. வாங்குறவன்ட்ட நிமித்துனதுன்னு சொல்லி விப்பீங்கன்னா இன்னைக்கே செஞ்சு தாரேன். சொல்ல வாய் வராதுன்னா, புதுசப் போட்டுருங்க."

அந்தச் சோதனை எந்த டயல் கேஜையும் விடத் துல்லியமாக இருந்தது. சொல்ல முடியுமா என்பதே கேள்வி. நண்பர் புதிய குழல்களுக்குப் பணம் கட்டினார்.

பூட்டும் நாளில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். குழல்கள் இரண்டும் மேற்பிடியிலிருந்து ஒரே அளவு வெளியே தெரியும்படி நிறுத்தி, கீழ்ப்பிடியை இறுக்கி, நடுத்தண்டின் நட்டை இறுக்கி, மேற்பிடியை இறுக்கினார் அண்ணாச்சி. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கவில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் பிடி குழலையே நசுக்கும். அடுத்த முறை விழும்போது விட்டுக்கொடுக்கவும் செய்யாது. ஆக்ஸிலின் நட்டைப் பூட்டினார்; அதைக் கவ்வும் போல்ட்டை மட்டும் தளர்வாகவே விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு முறை அமுக்கி அமுக்கி விட்டார். இரண்டு குழல்களும் தமக்குள் இணையான இடத்தைத் தாமே தேடிக்கொள்ளும் என்பது இதன் தத்துவம். பிறகுதான் கடைசிப் போல்ட்டு. கண்ணாடி அசையாமல் உட்கார்ந்தது. நூல் இருபுறமும் 15 மில்லிமீட்டர் காட்டியது.

அடுத்த நாள் அந்த இளைஞர் வந்தார். வண்டிக்கு எதிரே குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "வண்டி விழுந்துச்சாண்ணே?"

"விழுந்துச்சு" என்றார் நண்பர். எங்கே, எப்படி, எது வளைந்தது, எதை மாற்றியது என்று எல்லாவற்றையும் சொன்னார். புதிய குழல்களுக்கான ரசீதையும் நீட்டினார். இளைஞர் ரசீதைப் பார்க்கவில்லை. நண்பரின் தூளியைப் பார்த்தார்.

"விழாத வண்டி எங்கண்ணே இருக்கு" என்றார். அதற்குப் பிறகும் விலையில் மூவாயிரம் குறைத்துத்தான் வாங்கினார். நேர்மைக்கு வெகுமதி கிடைத்தது என்று கதையை முடிக்க எங்களுக்கு வாய்ப்பில்லை. நண்பருக்கு அந்த விற்பனையில் நஷ்டம்தான்.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பாயிரத்தில் நூல் என்ற பெயருக்குக் காரணம் சொல்லும் இடத்தில் தச்சரின் நூலைக் காட்டுகிறார். மரத்தின் கோட்டத்தை அந்த நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோட்டத்தைத் தீர்ப்பது இந்த நூலின் மாண்பு என்பது அவர் கருத்து. கல்லூரியில் மனப்பாடம் செய்தபோது, அது சொல்லை வைத்து ஆடிய விளையாட்டாகவே எங்களுக்குத் தோன்றியது. பட்டறையில் இரண்டு செங்கற்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய நூலைப் பார்த்த பிறகு, அவர் தச்சுப் பட்டறை ஒன்றில் நின்று பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் ஒன்று. நூல் எதையும் நிமிர்த்துவதில்லை. அது கோட்டம் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். அடுத்து உளியைக் கையில் எடுக்க வேண்டியவர் தச்சர். இத்தனை ஆண்டுகளாக ஞாயிறுதோறும் படித்த நூல்களைப் பற்றியும் எங்களுக்கு இதைவிட அதிகமாகச் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

கழற்றிய குழல்களை நண்பர் பட்டறையிலேயே விட்டுவிட்டார். வளையாத இடது குழல், இறுகிய நட்டுகளைத் திறக்க ஸ்பேனரின் வாலில் மாட்டும் நெம்புகோலாகிவிட்டது. வளைந்த வலது குழலை அண்ணாச்சி எடைக்குப் போடவில்லை. விழுந்த வண்டியோடு வரும் பையன்கள் "லேசா நிமித்திக் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்கும்போது, அதை எடுத்துக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிவிடுகிறார். பளபளவென்று நேராகவே தெரியும் அந்தக் குழல், உருளும்போது மட்டும், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை, அடியில் மெல்லிய வெளிச்சக் கீற்று ஒன்றை உள்ளே விடுகிறது.